பட்டத்துக்கு விலை, பதவிக்கு விலை… பணம் யாருடையது?

கோவையில் வணிகர்களும் கல்லூரி இளைஞர்களும் கலந்துகொண்ட கல்வி விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். வாசகர்களுக்காகச் சற்றே சுருக்கித் தருகிறோம்.



கல்வியின் சிறப்பைப் பற்றி இதுபோன்ற மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. ‘படியுங்கள், படியுங்கள்’ என்று எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். நம் பிள்ளைகளும் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய இரும்புக் கடை வைத்திருப்பவரின் மகன் எம்.எஸ்சி. முடித்திருக்கிறான். காய்கறி மண்டியில் கணக்கு எழுதுபவரின் மகள் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் படித்து முடித்த பிறகு அந்தப் பிள்ளை எந்த வாசலில் போய் நிற்கிறது? அந்த வாசலில் நிற்பவன் என்ன கேட்கிறான்? இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இன்று அதைத்தான் பேசப்போகிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருதமலை சாலையில் நடந்தது

வெளியூர்க் கதை வேண்டாம். நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 1982ல் தொடங்கப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகம் நமக்கெல்லாம் தெரிந்த இடம். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என்று இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கையில் அதன் பட்டம்தான் இருக்கிறது.

2018 பிப்ரவரி 3ஆம் தேதி அந்தப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறையினர் கைது செய்தார்கள். வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியர் பணி தொடர்பாக 30 லட்சம் ரூபாய் கேட்டார் என்பது புகார். 1 லட்சம் ரொக்கம், மீதி 29 லட்சத்துக்குக் காசோலைகள் என்று காவல் துறை கணக்குச் சொன்னது. இடையில் நின்று பேசி முடித்தவர் என்று ஒரு பேராசிரியரும் கைதானார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. கைது வேறு, குற்றம் நிரூபணமாவது வேறு. யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்துவிட்டு விடுதலையாகி வந்தவர்களைக் கண்ணால் பார்த்த ஊர் இது. கோவை முஸ்லிம்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆகவே ஆளை விடுங்கள். அந்தப் புகார் சொல்லும் கணக்கை மட்டும் பாருங்கள்.

வணிகர்களே, நீங்கள் காசோலை எப்போது வாங்குவீர்கள்? முன்பின் தெரியாத ஆளிடம் வாங்குவீர்களா? தொடர்ந்து கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்தில், பார்ட்டி எங்கும் ஓடிவிட மாட்டான் என்ற நம்பிக்கை உள்ள இடத்தில்தான் வாங்குவீர்கள். லஞ்சத்துக்குக் காசோலை என்று ஒரு புகார் வருகிறது. ஊரில் யாருக்கும் அது நம்ப முடியாததாகவும் படவில்லை. அப்படியென்றால் என்ன பொருள்? முன்பணம், பாக்கி, தவணை, தரகர் என்று ஒரு வியாபார முறையே கல்விக்கூடத்துக்குள் புகுந்திருக்கும் என்று மக்கள் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்கள் என்று பொருள். அந்த அவநம்பிக்கைதான் எனக்குக் கைதை விடப் பெரிய செய்தி.

அதே 2018 ஆகஸ்டில் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டு விவகாரம் வெடித்தது. 2017 ஏப்ரல்-மே தேர்வு எழுதியவர்களில் 3,02,380 பேர் மறுமதிப்பீடு கேட்டார்கள். 73,733 பேர் தேர்ச்சி பெற்றார்கள். இன்னும் 16,636 பேருக்கு மதிப்பெண் கூடியது. விடைத்தாளுக்கு 10,000 ரூபாய் வரை கைமாறியது என்று லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. அக்டோபரில் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித், துணைவேந்தர் பதவிகள் கோடிக்கணக்கில் விலை போயின என்று மேடையிலேயே பேசினார். எதிர்ப்பு எழுந்ததும், கல்வியாளர்கள் தம்மிடம் சொன்னதைத்தான் சொன்னேன் என்று விளக்கம் வந்தது. ஒரே ஆண்டில் இவ்வளவும்!

போட்ட முதல் எப்படித் திரும்பும்?

நாம் கணக்குத் தெரிந்த சமுதாயம். கணக்குப் போடுவோம்.

ஏழாவது ஊதியக் குழுவின்படி பல்கலைக்கழக உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 57,700 ரூபாய். 30 லட்சத்தை அதால் வகுத்தால் 52 மாதம். நான்கு வருடம் நான்கு மாதச் சம்பளத்தை, சோறு தின்னாமல், வாடகை கொடுக்காமல் அப்படியே எடுத்து வைத்தால்தான் போட்ட முதல் திரும்பும். வட்டிக்கு வாங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். இப்படி ஒருவன் உள்ளே நுழைந்தால் அவன் வகுப்பறையை எப்படிப் பார்ப்பான்? கடையாகத்தான் பார்ப்பான். முதலை எடுக்க வழி தேடுவான். அகமதிப்பீட்டு மதிப்பெண், ஆய்வு மாணவரின் வாய்மொழித் தேர்வு, கையெழுத்துக் கேட்டு வரும் கோப்பு என்று அவன் கைக்கு வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கும்.

ஆய்வேட்டில் கையெழுத்து வாங்குவதற்காக வழிகாட்டியின் வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போட்ட பிள்ளைகளை நான் அறிவேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வருகிற பேராசிரியருக்கு ஓட்டல் அறை, கார், சாப்பாடு, போகும்போது ஒரு பட்டுப்புடவை! எல்லாம் அந்தப் பிள்ளையின் அத்தா செலவில். ‘இது வழக்கம்தானே பாய்’ என்கிறார்கள். வழக்கமாகிவிட்டதுதான் ஆபத்து.

கட்டுரை என்றொரு சரக்கு

இதுவரை சொன்னது ஓரளவு உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றுக்கு வருகிறேன். ஆராய்ச்சிக் கட்டுரை என்பது இன்று சந்தைச் சரக்கு. இது எப்படி நடக்கிறது என்பதை இளைஞர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் ஓர் ஆராய்ச்சி செய்கிறார். கண்டதை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். இதழாசிரியர் அதை அந்தத் துறையில் வல்லவர்களான இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் காசு வாங்காமல் படித்து, குறை சொல்லி, திருத்தச் சொல்லி, சில சமயம் ‘இது தேறாது’ என்று திருப்பியும் விடுவார்கள். தேறினால்தான் அச்சேறும். நம் ஊர் நகைப் பட்டறைக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். நகை செய்தவரே தரத்துக்கும் முத்திரை போட முடியாது. வேறொருவர் உரசிப் பார்த்து ஹால்மார்க் போட வேண்டும். ஆய்விதழ் என்பது அந்த முத்திரை. சரி, முத்திரை போடுகிறவனே ‘உரசிப் பார்க்க மாட்டேன், காசு கொடு, எத்தனை வேண்டுமானாலும் குத்தித் தருகிறேன்’ என்றால்?

2010ல் யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வு வேண்டுமானால் இத்தனை புள்ளி எடுக்க வேண்டும். வல்லுநர் பார்வையிடும் இதழில் ஒரு கட்டுரை வந்தால் 15 புள்ளி. அப்படிப் பார்வையிடாத, ஆனால் ஐ.எஸ்.எஸ்.என். எண் உள்ள இதழில் வந்தால் 10 புள்ளி. நோக்கம் நல்லதுதான். பத்து வருடம் ஒரு வரி எழுதாமல் பதவி உயர்வு வாங்கிக்கொண்டிருந்தவர்களைத் தட்டி எழுப்ப நினைத்தார்கள். ஆனால் விளைவு? அந்த ஐ.எஸ்.எஸ்.என். எண் என்பது வெறும் அடையாள எண். விண்ணப்பித்தால் இலவசமாகவே கிடைக்கும். கடைக்கு ஜி.எஸ்.டி. எண் இருப்பதால் உள்ளே இருக்கும் அரிசி நல்ல அரிசி என்று ஆகிவிடுமா? ஆகிவிட்டது! எண் வாங்கியவனெல்லாம் ‘இன்டர்நேஷனல் ஜர்னல்’ என்று பலகை மாட்டினான். ஒரு கம்ப்யூட்டர், ஓர் இணையப் பக்கம், ஒரு வங்கிக் கணக்கு. இவ்வளவுதான் முதலீடு.

இன்னொரு பக்கம், பிஎச்.டி. மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2009 விதி சொன்னது. பதவி உயர்வுக்கு அலையும் ஆசிரியர் ஒரு புறம், பட்டத்துக்குத் தவிக்கும் மாணவர் மறு புறம். வாங்குவோர் இத்தனை பேர் இருக்கும்போது விற்பவன் வராமல் இருப்பானா?

2013ல் ‘சயின்ஸ்’ என்ற புகழ்பெற்ற அமெரிக்க இதழுக்காக ஜான் பொஹனான் என்பவர் ஒரு சோதனை செய்தார். புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்ததாக ஒரு பொய்க் கட்டுரையைத் தயாரித்தார். கல்லூரி மாணவனே கண்டுபிடித்துவிடும் அளவுக்கு அதில் ஓட்டைகளை வேண்டுமென்றே வைத்தார். இல்லாத ஆளின் பெயர், இல்லாத நிறுவனத்தின் பெயர் போட்டு 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! புற்றுநோய் மருந்து, சகோதரர்களே! ஊறுகாய் தயாரிக்கும் முறையல்ல! அந்த 304 இதழ்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து நடத்தப்பட்டவை. அவற்றில் 15 இதழ்கள் மட்டும் வேண்டாம் என்றன. 64 இதழ்கள் வாங்கிக்கொண்டன. நம் நாட்டின் பெயர் உலக அரங்கில் இந்த வகையில் அடிபட்டது.

ஹைதராபாத்தில் தலைமையகம் கொண்ட ஓமிக்ஸ் என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கில் இதழ்களை நடத்தியது. ஆராய்ச்சியாளர்களை ஏமாற்றியது என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் வழக்குப் போட்டு, 2019ல் அங்குள்ள நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த உத்தரவிட்டது. இங்கே நாம் அதை நாளிதழில் ஒரு மூலையில் படித்துவிட்டுத் திருப்பினோம்.

யு.ஜி.சி. சும்மா இருக்கவில்லை. 2017ல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அந்தப் பட்டியலுக்குள்ளேயே போலிகள் புகுந்தன. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்ததால் பட்டியலில் ஏறிய இதழ்களில் 1009ஐ பூஷண் பட்வர்தன் தலைமையில் புனே பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, 88 சதவீதம் தரம் குறைந்தவை என்று 2018ல் எழுதினார்கள். அந்த ஆண்டு மே மாதம் 4,305 இதழ்களை யு.ஜி.சி. ஒரே மூச்சில் நீக்கியது. 2019ல் ‘கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது. உடனே நல்ல இதழ்களின் பெயரிலேயே போலி இணையப் பக்கங்கள் முளைத்தன. அசல் கம்பெனி லேபிளை ஒட்டி டூப்ளிகேட் சரக்கு விற்பது போல! 2022 நவம்பரில் வந்த விதிகளில் பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயமில்லை என்றார்கள். 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையே கைவிட்டு, எது நல்ல இதழ் என்று அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அறிவித்துவிட்டார்கள்.

இதில் எனக்குக் கவலை உண்டு. நேர்மையான துறைத் தலைவர் இருக்கும் இடத்தில் இது நல்லது. பட்டியலைப் பார்க்காமல் கட்டுரையைப் படித்துப் பார்ப்பார். ஆனால் பதவியையே விலைக்கு வாங்கியவன் துறைத் தலைவராக இருக்கும் இடத்தில்? தராசும் அவனுடையது, எடைக்கல்லும் அவனுடையது. ஆக, பதவி விற்பனையும் கட்டுரை விற்பனையும் இரண்டு நோய்கள் அல்ல. ஒன்று மற்றதற்குத் தீனி போடுகிறது.

ஓர் இளைஞரின் கதை

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். இந்த வட்டாரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியர். அதன் பெயர் வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது. கையெழுத்துப் போடும் சம்பளம் ஒன்று, கைக்கு வருவது இன்னொன்று. காலையில் வகுப்பு, மாலையில் மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். இதற்கு நடுவில், ‘இந்த ஆண்டு நான்கு கட்டுரை வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இன்கிரிமென்ட் இல்லை’ என்று உத்தரவு. அந்தக் கல்லூரியின் ஆய்வகத்தில் தராசு கூடச் சரியாக இல்லை என்றார். நான்கு கட்டுரைக்கு எங்கே போவார்?

காந்திபுரம் பக்கம் போனால் புராஜெக்ட் சென்டர் பலகைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். எல்லாரையும் குறை சொல்லவில்லை. கணினி கற்றுத் தருபவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் அந்த இளைஞருக்கு வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியலே வந்திருந்தது. முதல் பெயராகப் போட ஒரு விலை, மூன்றாம் பெயராக ஒட்டிக்கொள்ள ஒரு விலை. தலைப்பும் அவர்களே, எழுத்தும் அவர்களே, அச்சேற்றுவதும் அவர்களே. ‘நான் படிக்கவேகூட வேண்டாமாம் அண்ணே’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அழ வேண்டிய இடத்தில் ஒருவன் சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான் என்றால் நாம் அவனை இழந்துகொண்டிருக்கிறோம்.

நான் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. லஞ்சம் ஹராம் என்று அவருக்கும் தெரியும். நடைமுறையில் வரும் கேட்டைத்தான் சொன்னேன். அதையே இங்குள்ள இளைஞர்களுக்கும் சொல்கிறேன். 2018ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒத்துப் போனால் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓர் ஆண்டுத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. காசுக்கு எழுதித் தருகிறவன் ஒரே சரக்கைப் பத்துப் பேருக்கு விற்கிறான். மாட்டுவது அவனல்ல, நீங்கள். அப்படி ஒரு கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றால் அந்த அறிவிப்பு உங்கள் பெயரோடு இணையத்தில் நின்றுவிடும். நாளை சவூதியிலோ மலேசியாவிலோ வேலைக்கு விண்ணப்பித்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காகக் கல்லூரிகளுக்கும் 2025 முதல் மத்திய அரசின் தரவரிசையில் மதிப்பெண் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ‘நாலு கட்டுரை கொண்டு வா’ என்று விரட்டிய அதே நிர்வாகம், நாளை உங்களைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்கும்.

ஆசிரியர் என்ற பெயரே காகிதத்தில் மட்டும் இருக்கும் காலம் இது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரம் நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. ஒரே ஆள் பத்துக் கடையில் ஒரே நேரத்தில் கல்லாவில் உட்கார முடியுமா? உங்கள் பிள்ளையை அந்தக் கல்லூரிகளில் ஒன்றில் சேர்க்கத்தான் நிலத்தை விற்கிறீர்கள்.

பணம் யாருடையது?

இனி வணிகப் பெருமக்களிடம் நேராகவே பேசுகிறேன். கோபப்படாதீர்கள்.

வாங்குகிறவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறோம். கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? மாதச் சம்பளக்காரன் 30 லட்சத்துக்கு எங்கே போவான்? கடைக்காரரின் பணம், மில்காரரின் பணம், தோட்டம் விற்ற பணம், மகளின் நகையை அடகு வைத்த பணம். எந்தச் சாதி, எந்த மதம் என்றில்லாமல் கொங்கு நாட்டின் உழைப்பெல்லாம் இப்படித்தான் அந்த வாசலில் போய்க் கொட்டுகிறது. நம் ஆட்களிலும் இருக்கிறார்கள். ‘எவ்வளவு ஆகும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, ஏற்பாடு பண்ணிடலாம்’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள், ஏதோ வேனுக்கு வாடகை கேட்பது போல!

நீங்கள் கொடுத்தால் உங்கள் மகனுக்கு வேலை கிடைக்கலாம். யாருடைய வேலை அது? பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென்று 2007ல் 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. 200 இடத்துக்கு 7 இடம். அந்த 7ஐப் பெற எத்தனை மாநாடு, எத்தனை பேரணி, எத்தனை பேர் தடியடி வாங்கினார்கள்! பணம் கொடுத்து ஒருவர் அதில் உட்கார்ந்தால் அவர் தள்ளிவிடுவது வேறு யாரோ ஒருவரை அல்ல. கரும்புக்கடையிலோ மேட்டுப்பாளையத்திலோ தையல் மிஷினை மிதித்து மகளைப் படிக்க வைத்த இன்னொரு முஸ்லிமின் பிள்ளையைத்தான் தள்ளிவிடுகிறார். ஒதுக்கீட்டை வாங்கியது போராட்டம். அதை விற்கக் கூடியது நம் பணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1919ல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கியவர்கள் தோல் வணிகர்கள். 1951ல் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியைத் தந்தவர்கள் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும், அவர்களும் வணிகர்களே. தங்கள் பணத்தைப் போட்டு ஊருக்கு ஆசிரியர்களைத் தந்தார்கள். அரசு உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரிகளில் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு இருக்கிறது. அரசியல் சட்டம் தந்த அருமையான உரிமை அது. அந்த உரிமையை நம்மவர் எவரேனும் எங்கேனும் ரேட் போட்டு விற்றால், பாரதியார் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி? நிர்வாகக் குழுத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறார்களே, அவர்களிடம் இதைக் கேளுங்கள். பள்ளிவாசல் கணக்கை ஜமாஅத்தில் வாசிப்பது போல, ஆசிரியர் நியமனம் எப்படி நடந்தது என்பதையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

சட்டம் மாறிவிட்டது, தெரியுமா?

பலருக்கு இது தெரியவில்லை. 2018 ஜூலை முதல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. லஞ்சம் கொடுப்பதே தனிக் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘கேட்டான், கொடுத்தேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் இரண்டு வழிகளைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்துவிட்டால், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ புகார் சொல்லிவிட வேண்டும். அதைவிடச் சிறந்தது, கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்படி நடப்பது. அப்போது உங்கள் மேல் குற்றம் இல்லை. பாரதியார் விவகாரத்திலும் ஓர் ஆசிரியர் துணிந்து புகார் சொன்னதால்தான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. அப்போது இந்தத் திருத்தம் கூட வரவில்லை.

யார் மேல் புகார் சொல்லலாம்? பல்கலைக்கழகத் துணைவேந்தர், பேராசிரியர், விரிவுரையாளர் எல்லாரும் இந்தச் சட்டப்படி பொது ஊழியர்கள். அரசு நிதி உதவி பெறும் கல்வி நிறுவனத்தின் நிர்வாகியும் ஊழியரும்கூடப் பொது ஊழியர்களே. சிறுபான்மைக் கல்லூரி என்பதற்காக இதில் விலக்கு ஏதும் இல்லை.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்பார்கள். நியாயமான பயம்தான். முஸ்லிம் பெயரோடு காவல் நிலையப் படி ஏறுவதற்கு இந்த ஊரில் ஒரு காலத்தில் எவ்வளவு தயக்கம் இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. அதற்குத்தான் அமைப்பு இருக்கிறது. வழக்கறிஞர் ஒருவரையும் ஜமாஅத் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

புகார் சொல்லும் நிலை வரும் முன்னரே செய்யக்கூடியது ஒன்றுண்டு. கூட்டத்தின் நடுவே ஓர் இளைஞர் எழுந்து, ‘ஒதுக்கீட்டு இடம் யாருக்குப் போனது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டார். நல்ல கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். உங்கள் துறையின் பெயரைப் போட்டு, கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட்டன, இனச்சுழற்சிப் பதிவேட்டில் ஒவ்வோர் இடமும் எந்தப் பிரிவுக்கு உரியது, நேர்காணலுக்கு வந்தவர்களுக்குத் தனித்தனியே எத்தனை மதிப்பெண் போடப்பட்டது, தேர்வானவர் காட்டிய கட்டுரைகள் எவை, அவை எந்த இதழில் வந்தன என்று வரிசையாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறோம். வரும்போது வேலைக்கான விளம்பரத்தின் நகலை மறக்காமல் கொண்டு வாருங்கள். அதில் உள்ள எண்ணும் தேதியும் இல்லாமல் கேட்டால், ‘விவரம் தெளிவாக இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.